பைக்கற்றில் சிரிக்கும் இராஜம்

கன்னையா வாசலில் வந்து நின்ற தோரணையிலேயே இராஜத்துக்கு விளங்கிவிட்டது, ஆள் நல்ல மனதோடு வரவில்லை என்று. நல்ல மனதோடு வருகிறவன் செருப்பைக் கழற்றுவான், குந்துவான், தேத்தண்ணி இருக்கா என்று கேட்பான். கன்னையா செருப்போடேயே நின்றான். கையில் ஒரு வெறும் கோழிப் பைக்கற்றைப் பிடித்திருந்தான்.

கன்னையா கவ்வாத்துக் கங்காணி. தேயிலைச் செடி நாலைந்து வருஷத்தில் மரம்போல முற்றிவிடும். அதை முழங்காலளவுக்கு வெட்டிவிடுகிற வேலைதான் கவ்வாத்து. அந்த வேலைக்குப் போகிற பதினொரு ஆம்பிளைகளுக்கும் கன்னையாதான் மேலாள். கத்தி பிடிக்கிறவனுக்குச் சாமி பயம் அதிகம். இருக்காதா பின்னே? தோளிலிருந்து வீசுகிற கத்தி ஒரு விரற்கடை விலகினால் செடிக்குப் பதில் கணுக்கால் போய்விடும். அதனால் மலையில் கத்தி வைக்கிற அன்று காலையில், மேட்டில் கல்லாக நிற்கிற கவ்வாத்துச் சாமிக்கு ஒரு சேவல் கொடுத்துவிட்டுத்தான் முதல் செடியைத் தொடுவார்கள். ஓப்பநாயக்கவுக்கு மேலே உள்ள இந்தச் சின்னத் தோட்டத்தில் சம்பளம் மாறியிருக்கிறது, துரைமார் மாறியிருக்கிறார்கள், தோட்டத்தின் பெயரே இரண்டு தரம் மாறியிருக்கிறது. சேவல் மட்டும் மாறவில்லை.

“வெள்ளிக்கிழம ஏழாம் நம்பர் மலையில கத்தி வைக்கிறோம் தங்கச்சி. சாமிக்குச் சேவல் ஒன்னு வேணும்” என்றான் கன்னையா.

“என்கிட்ட சேவல் ஏதுண்ணே?”

கன்னையா பைக்கற்றை அவள் மூக்குக்கு நேரே விரித்துப் பிடித்தான். அதில் இராஜம் இருந்தாள். தலையில் கொழுந்துக் கூடைக் கயிறு, சிவப்புக் கரைச் சேலை, வாய் நிறையச் சிரிப்பு. பின்னால் பச்சைப் பசேலென்று தேயிலை. காலடியில் மூன்று செம்பட்டைச் சேவல்கள். கீழே மூன்று மொழியிலும் எழுதியிருந்தது: தோட்டத்துக் கோழி. தேயிலை மலையில் சுதந்திரமாக மேய்ந்து வளர்ந்தது. ஹோர்மோன் சேர்க்கப்படாதது.

“மருமகப்புள்ள பலாங்கொடையில வாங்கிட்டு வந்தான். இந்தா, நீதானே இது? மேயுதுன்னு போட்டுருக்கே. ஆயிரம் உருப்படி வச்சிருக்க. இருக்கிறதுல பெருசா ஒரு சேவல் சாமிக்குக் குடுக்க ஒனக்கு வலிக்குதாக்கும்.”

“வலிக்கலண்ணே. அது சாமிக்கு ஆகாது. பாக்கத்தான் சேவல் மாதிரி இருக்கும். வெள்ளிக்கிழமைக்கு அதுக்கு நாப்பத்தி மூணு நாள்தான் ஆகும். அது குஞ்சுண்ணே. கூவக்கூடத் தெரியாது.”

கன்னையா சிரித்தான். சிரிப்பில் ஈரம் இல்லை.

“ரெண்டரக் கிலோவுல குஞ்சா? யாருக்குக் காது குத்துற? எங்க வீட்டுச் சேவல எல்லாம் தீத்துக்கட்டுனது யாரு? வேற லயத்துலயும் கெடையாது. எல்லாம் ஒன் வாய்ச் சொல்லக் கேட்டுத்தானே. இப்ப சாமிக்கு நாங்க எங்கிட்டுப் போறது?”

அவன் சொன்னது உண்மை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் கோழிக் கம்பெனியோடு அவள் ஒப்பந்தம் போட்டபோது, முதல் நிபந்தனையே அதுதான். பக்கத்தில் எந்த நாட்டுக்கோழியும் இருக்கக்கூடாது, நோய் தொற்றும். தன் வீட்டுச் சேவலை முதலில் அறுத்துவிட்டு, இராஜம் வீடு வீடாகப் போனாள். லயம் என்கிற வரிசை வீடுகளில் இருபத்திரண்டு வீடு. இன்றைக்கு எனக்கு, நாளைக்கு உங்களுக்கும் கம்பெனி குஞ்சு தரும், கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு வீட்டோடு பிழைக்கலாம் என்று சொன்னாள். அவளும் அதை நம்பித்தான் சொன்னாள். சனங்களும் தலையாட்டினார்கள். வேறு யாராவது சொல்லியிருந்தால் போடி வேலையைப் பார்த்துக்கொண்டு என்றிருப்பார்கள். ஆனால் இராஜம் தராசில் கொழுந்தைக் குறைத்து நிறுத்த கணக்கப்பிள்ளையைத் துரைக்கு முன்னாலேயே பிடித்துக் கொடுத்தவள். ‘இராஜம் சொன்னா இருக்கும்’ என்பது அந்த லயத்தில் புழங்குகிற பேச்சு. அவளுக்கென்று காணி இல்லை, பூமி இல்லை. அந்தப் பேச்சுதான் சொத்து. அதைத்தான் அவள் கம்பெனிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள், முட்டாள்.

மற்ற வீடுகளுக்குக் கம்பெனி ஒரு குஞ்சுகூடக் கொடுக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கோழி வளர்க்கிற இடம் ஒரு காலத்தில் பிள்ளைக் காம்பரா. கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் கைப்பிள்ளைகளை விட்டுவிட்டுப் போன கட்டடம். பிள்ளைகள் இல்லாமல் பூட்டிக் கிடந்ததைத் தோட்டம் வாடகைக்குக் கொடுத்தது. கம்பெனிக்காரர்கள் தகரம் போட்டு நீட்டி, தரையில் உமி பரப்பி, ஆயிரம் குஞ்சை இறக்கினார்கள். பொரித்து ஒருநாள்கூட ஆகாத, உள்ளங்கையில் அடங்குகிற பஞ்சு. அதற்கு இரவென்று ஒன்று இருப்பதே தெரியாமல் விளக்கெரியும். இருட்டினால் தூங்கும், தூங்கினால் தின்னாது, தின்னாவிட்டால் எடை ஏறாது. முதல் வாரம் ஓடும். மூன்றாம் வாரம் நடக்கும். ஐந்தாம் வாரம் தீனித் தட்டுக்கும் தண்ணிக் குழாய்க்கும் நடுவில் உட்கார்ந்தே இருக்கும். நெஞ்சு பெருத்துக்கொண்டே போகும், கால் அதே பிள்ளைக் கால். காலையில் இராஜத்தின் முதல் வேலை, செத்ததைப் பொறுக்குவது. உமியின் மூத்திர நெடி கண்ணைக் கரிக்கும். சேலையைத் துவைத்தாலும் போகாது.

கம்பெனி இராஜத்தையும் மற்ற ஊர்களில் கோழி வளர்க்கிறவர்களையும் ஒருமுறை பஸ்ஸில் ஏற்றி, தாய்க்கோழிப் பண்ணைக்குக் கூட்டிப்போனது. குஞ்சுகளின் தாய்மார் அங்கே வரிசை வரிசையாக நின்று வெறும் தட்டைக் கொத்திக்கொண்டிருந்தன. டொக் டொக்கென்று மழை பெய்கிற மாதிரி சத்தம். ஏன் தீனி போடவில்லை என்று இராஜம் கேட்டாள். வயிறு நிறையக் கொடுத்தால் முட்டையிடுகிற வயதுக்கு முன்னமே செத்துப்போகும், அந்த ஜாதி அப்படி, அதனால் அளந்துதான் போடுவோம் என்றான் அங்கிருந்தவன், நல்ல பழக்கம் சொல்லிக்கொடுக்கிற வாத்தியார் மாதிரி. தின்று தின்றே சாவதற்குப் பிள்ளை, அந்தப் பிள்ளையைப் பெறுவதற்காகப் பட்டினி கிடக்கத் தாய். அன்று கம்பெனி கொடுத்த பகல் சோற்றுப் பார்சலை இராஜம் பிரிக்கவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து வேலையை விட்டாளா? விடவில்லை. மகள் கேஷானி இரத்தினபுரியில் கம்பியூட்டர் படிக்கிறாள்.

படம் பிடித்த கதை இன்னும் கேவலம். கம்பெனி ஊழியன் நிரஞ்சன், பலாங்கொடைக் கடைவீதிப் பையன், ஒருநாள் கமராக்காரனோடு வந்து இறங்கினான். “அக்கா, கூடை இருக்கா? சேலை கட்டிக்கிட்டு வாங்க” என்றான். அவள் கொழுந்தெடுப்பதை விட்டு ஒரு வருஷமாகியிருந்தது. அடுத்த வீட்டில் கூடையை இரவல் வாங்கினாள். காலடியில் நின்ற மூன்று சேவலையும் நிரஞ்சன்தான் கீழே சிங்களக் கிராமத்திலிருந்து கூடையில் கொண்டுவந்தான், படம் பிடித்து முடிந்ததும் திருப்பிக் கொண்டுபோனான். நோய் தொற்றும் என்ற நிபந்தனை அன்று மட்டும் தூங்கிவிட்டது போலிருக்கிறது. பிறகு அவசர அவசரமாக ஒரு தாளை நீட்டி, தடுப்பூசித் தாள்களோடு சேர்த்துக் கையெழுத்து வாங்கினான். அடுத்த வாரமே பிள்ளைக் காம்பராச் சுவரில் ஒன்றரை அடிக்கு ஒரு ஓட்டை வெட்டி, பலகைக் கதவு போட்டு, வெளியில் ஒரு பாய் அகலத்துக்கு வலை அடித்தார்கள். கடைசி வாரத்தில் பகலில் கதவைத் திறந்து வைக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்குப் பெயர் சுதந்திரமாக மேய்வது. திறந்து வைத்த கதவுக்குப் பக்கத்தில் இருந்த கோழி, வெளிச்சம் கண்ணில் பட்டதென்று தலையைத் திருப்பிக்கொள்ளும். எழும்பி வெளியே போகிற காலா அது?

ஹோர்மோன் இல்லை என்பது மட்டும் உண்மை. எந்தக் கோழிக்கும் அதைப் போடுவதில்லை என்று நிரஞ்சனே ஒருநாள் வாய்விட்டுச் சொன்னான். தேங்காயில் முள் இல்லை என்று எழுதி விற்கிற மாதிரி.

கன்னையா போன மறுநாள் நிரஞ்சன் எடை பார்க்க வந்தான். இராஜம் அவனைத்தான் நம்பியிருந்தாள். கம்பெனி லொறியில் அல்லாமல் ஒரு கோழியும் வெளியே போகக்கூடாது என்பது கம்பெனிச் சட்டம். அவன் முடியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பழி கம்பெனியோடு போகும்.

“சேர், கோயிலுக்குச் சேவல் கேக்குறாங்க. குடுக்கக்கூடாதுன்னு நீங்க வந்து ஒரு சொல்லுச் சொல்லிட்டுப் போங்க” என்றாள்.

நிரஞ்சனின் முகம் மலர்ந்தது.

“எப்ப பூசை? வெள்ளிக்கிழமையா? அக்கா, நீங்க தாராளமாக் குடுங்க. நான் கமராவோட வாறேன். தோட்டத்துச் சாமிக்குத் தோட்டத்துக் கோழி! பேஸ்புக்ல போட்டா பிச்சுக்கிட்டுப் போகும்.”

“சேர், அது நிக்கவே மாட்டேங்குது. சாமிக்கு வயசுக்கு வந்த சேவல்தான் வெட்டணும். இது பச்சக் குஞ்சு.”

“சாமி என்ன பிறப்புச் சேர்ட்டிபிக்கட்டா கேக்கப் போகுது?” என்று சொல்லி அவனே சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்தினான். “பிரச்சினை பண்ணாதீங்க அக்கா. அடுத்த பெச் குஞ்சு யாருக்குன்னு இந்தக் கிழமைதான் பேர் எழுதுறோம்.”

அவனுடைய தாத்தாவும் இந்த மலைகளில் ஏதோ ஒன்றில் கூடை சுமந்தவர்தான். மூன்று தலைமுறையில் ஒரு குடும்பம் எவ்வளவு தூரம் போய்விடுகிறது!

புருஷன் மருதையிடம் சொல்லிப் பார்த்தாள். மருதையும் கவ்வாத்துக்காரன், பதினொரு பேரில் ஒருத்தன். அதிகம் பேசாத மனிதன்.

“குடுத்துரு. இல்லாட்டி அவனுக மத்தியில நான் எப்படி நிக்கிறது?” என்றான்.

“நான் சொல்றது பொய்யா? நீங்களும் அந்தக் கோழியப் பாக்குறீங்கதானே?”

“பாக்குறேன். ஆனா பைக்கற்றுல வேற மாதிரில்ல இருக்கு. அவனுக அதத்தான் பாப்பானுக.”

கட்டினவனே இப்படிச் சொன்னால் ஊரைக் குறை சொல்லி என்ன? இராஜத்துக்கு அவன் கன்னத்தில் ஒன்று விட வேண்டும்போல இருந்தது. விடவில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் கன்னையா பண்ணைக்கு வந்தான். தெரிவை இராஜத்திடம் விடவில்லை, அவள் நோஞ்சானாகப் பார்த்துத் தள்ளிவிடுவாளாம். உள்ளே புகுந்து, மூக்கைப் பொத்திக்கொண்டு, ஆயிரம் செம்பட்டை உருண்டைகளுக்கு நடுவில் ஆகப் பெரியதைக் காட்டினான். ஆகப் பெரியதுதான் ஆக மோசமானது என்று இராஜத்துக்குத் தெரியும். அது இரண்டு நாளாக எழும்பவில்லை. அவள் அதன் வாய்க்கு முன்னால் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணே, கால் வெளங்காதுண்ணே அதுக்கு. கடைசியாச் சொல்றேன், இது வேணாம். கீழ கிராமத்துல ஒரு சேவல் கேட்டு வாங்குவோம், நானே போறேன்.”

“கொழுத்ததக் குடுக்க மனசு வரல பாரு இவளுக்கு” என்று கன்னையா வெளியே நின்றவர்களிடம் சொன்னான். அவர்கள் சிரித்தார்கள்.

ஏழாம் நம்பர் மலை செங்குத்து. பறையடித்துக்கொண்டு முன்னால் இரண்டு பேர், பின்னால் கத்திக்காரர்கள், கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கன்னையா, கடைசியில் மூச்சு வாங்க நிரஞ்சனும் கமராக்காரனும். பாதி மலை ஏறுவதற்குள் வெயில் ஏறிவிட்டது. கோழி வாயைத் திறந்தது, மூடவில்லை. இராஜம் அதைப் பார்த்துக்கொண்டே ஏறினாள். யாரோ தன் பிள்ளையைக் காய்ச்சலோடு தூக்கிக்கொண்டு போகிற மாதிரி அவளுக்கு இருந்தது. ஆயிரத்தில் ஒன்று, நாளன்றைக்கு லொறியில் போய் எப்படியும் சாகப் போகிறது. ஆனாலும் இருந்தது.

சாமிக் கல்லுக்குப் பொட்டு வைத்து, மாலை போட்டு, பதினொரு கத்தியையும் கல்லடியில் சாத்தினார்கள். தேங்காய் உடைத்தார்கள். சூடம் காட்டினார்கள். இனிச் சேவலிடம் உத்தரவு கேட்க வேண்டும். அதன் தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினால், அது உடம்பைச் சிலுப்ப வேண்டும். சிலுப்பினால் சாமி சம்மதித்துவிட்டது. சிலுப்பாமல் வெட்டினால், அந்தக் கவ்வாத்து முடிவதற்குள் யாருக்காவது கத்தி பிசகும் என்பது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

கன்னையா கோழியைத் தரையில் விட்டான். நாட்டுச் சேவல் என்றால் கால் தரையில் பட்டதும் ஓடப் பார்க்கும், இரண்டு பேர் பிடிக்க வேண்டும். இது சாக்கு மூட்டை மாதிரி நெஞ்சை மண்ணில் வைத்து உட்கார்ந்தது. “அமைதியான சேவல்” என்றான் நிரஞ்சன், கமராவுக்குக் கேட்கும்படி.

செம்பிலிருந்து தண்ணீர் விழுந்தது. கோழி சிலுப்பவில்லை. வாயைத் திறந்தபடி இருந்தது.

இரண்டாம் தரம் ஊற்றினார்கள். பறை நின்றுவிட்டது. அந்த அமைதியில் கோழி கத்தியது.

“கீச்.”

அம்மாவைத் தேடுகிற குஞ்சின் சத்தம். அவ்வளவு பெரிய உடம்புக்குள்ளிருந்து, கொண்டையும் தாடியும் வைத்த தலைக்குள்ளிருந்து, அந்தச் சத்தம் வந்தது. “கீச், கீச்.” ஒரு கத்திக்காரன் தன்னை அறியாமல் இரண்டடி பின்னால் போனான். மருதை தலையைக் குனிந்துகொண்டான்.

“இது குஞ்சுடா!” என்றது கூட்டத்தில் ஒரு பொம்பிளைக் குரல்.

“ஊத்துங்க, இன்னும் ஊத்துங்க, சிலுப்பும்” என்றான் நிரஞ்சன்.

கன்னையா செம்பை அப்படியே கவிழ்த்தான். கோழி ஒருமுறை எக்கியது. சிலுப்பத்தான் போகிறது என்று எல்லாரும் கழுத்தை நீட்டினார்கள். அது இரண்டு சிறகையும் படபடவென்று அடித்து, மல்லாந்து விழுந்து, காலை நீட்டியது. அவ்வளவுதான். கத்தி படவில்லை, சாமி கேட்கவில்லை, தானாகவே செத்துப்போயிற்று.

பண்ணையில் தினமும் அப்படித்தான் இரண்டு மூன்று சாகும். நெஞ்சின் பாரத்தை இதயம் தாங்காது. இராஜத்துக்குத் தெரியும். அங்கே நின்றவர்களுக்குத் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம், சாமிக்கு முன்னால் வைத்த உயிரைச் சாமி காலால் தள்ளிவிட்டது.

முதலில் நிரஞ்சன்தான் அசைந்தான். கமராவைக் கையால் மறைத்தான். “கட் பண்ணு, கட் பண்ணு” என்று சொல்லி, கமராக்காரனை இழுத்துக்கொண்டு இறங்கத் தொடங்கினான். ஒருத்தரும் அவனைத் தடுக்கவில்லை, திட்டவுமில்லை. எல்லா முகமும் இராஜத்தின் பக்கம் திரும்பின.

“நான் சொன்னேனே, அண்ணே” என்றாள் அவள். “வாசல்லயும் பண்ணையிலயும் நிண்டு எத்தன தரம் சொன்னேன். குஞ்சுன்னு சொன்னேனா இல்லையா?”

“அப்ப இதுல போட்டுருக்கிறது?” கன்னையா மடியிலிருந்து அந்தப் பைக்கற்றை உருவி அவள் மேல் விட்டெறிந்தான். அதைப் பூசைக்கும் கொண்டுவந்திருக்கிறான், பாவி. “மேயுதுன்னு ஊருக்குச் சிரிச்சுக்கிட்டுச் சொல்லுவ, எங்கக்கிட்ட குஞ்சும்ப. எது பொய்யி?”

“அதுதான் பொய்யி! படத்துல நான்தான். மத்ததெல்லாம் பொய்யி!”

“அப்ப பொய்ய வித்தவ நீதானே.”

கத்திக்காரர்கள் கத்தியை எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். அன்று ஒரு செடி வெட்டுப்படவில்லை. செத்த கோழியை இராஜம்தான் மேட்டிலேயே குழி தோண்டிப் புதைத்தாள். மருதை கொஞ்ச நேரம் நின்றான், பிறகு அவனும் இறங்கிவிட்டான்.

திங்கட்கிழமை கன்னையா கிராமத்துக்குப் போய், ஒரு சிங்கள வீட்டில் கெஞ்சிக் கூத்தாடி ஒரு நிசச் சேவலை வாங்கிவந்தான். அது சிலுப்பியதாம், மூன்று பேரைக் கீறியும் விட்டதாம். அந்தப் பூசைக்கு இராஜத்தைக் கூப்பிடவில்லை. தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் அவள் குடம் வைக்கப் போனால் பேச்சு நின்றுவிடும். மழை வரும்போலிருக்கு என்று ஒருத்தி சொன்னால், “ஏன், இராஜம் சொன்னாளா?” என்று இன்னொருத்தி கேட்பாள், எல்லாரும் கொல்லென்று சிரிப்பார்கள். பதினைந்து வருஷமாகச் சேர்த்த பேச்சு, அதே வார்த்தையில் திரும்பி வந்து அறைந்தது.

அவள் நிரஞ்சனுக்குப் போன் எடுத்தாள்.

“என் படத்த எடுங்க சேர். வேற ஒன்னும் நான் கேக்கல.”

“அது எப்படிக்கா எடுக்கிறது? அஞ்சு வருஷத்துக்குச் சைன் வச்சிருக்கீங்க.”

“தடுப்பூசித் தாள்னுல்ல வச்சேன்.”

“வாசிச்சுட்டுல்ல வைக்கணும்? மூணு பாஷையிலயும் இருந்துச்சே.”

“அவசரம், போடுங்கன்னு அவசரப்படுத்துனது யாரு? அந்தப் பைக்கற்றுல எது உண்மைன்னு நீங்களே சொல்லுங்க பாப்போம். ஒன்னு சொல்லுங்க.”

அவன், கூட்டத்தில் பேசுகிற குரலில், “கதவு இருக்குத்தானே அக்கா? வெளிய போறதும் போகாததும் கோழியோட விருப்பம். சட்டப்படி எல்லாம் சரி” என்றான். “இப்ப சொல்லுங்க, அடுத்த பெச் வேணுமா வேணாமா?”

“வேணாம். ஒங்க கம்பெனி நாசமாப் போக.”

அதைச் சொன்னபோது அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது உண்மை. லொறி வந்து கோழிகளைக் காலைப் பிடித்து அள்ளிக்கொண்டு போனது. அவள் பழையபடி கொழுந்துக்குப் பேர் கொடுத்தாள். சொந்தமாகக் கூடை வாங்கினாள். கேஷானி, படிப்பை நான் பார்த்துக்கொள்கிறேன் அம்மா, கடையில் பகுதிநேர வேலை கிடைத்திருக்கிறது என்றாள். கம்பெனி அரநாயக்கப் பக்கம் யாரோ ஒருவருக்குக் குஞ்சு இறக்கியதாகக் கேள்வி. அந்தக் கோழிகளும் இராஜத்தின் சிரிப்போடுதான் கடைக்கு வந்தன.

இரண்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை, கிளினிக்குக்காகப் பலாங்கொடைக்குப் போனவள், பெரிய சுப்பர்மார்க்கெட்டுக்குள் நுழைந்தாள். சாமான் வாங்க இல்லை. தன் முகத்தைப் பார்க்க. ஐஸ் பெட்டியில் அடுக்கடுக்காக இருந்தாள், பதினெட்டு இராஜம்.

ஒரு சிங்களப் பெண், டீச்சர் மாதிரி இருந்தாள், பைக்கற்றை எடுத்தவள் நிமிர்ந்து பார்த்து, மறுபடி பைக்கற்றைப் பார்த்தாள்.

“அனே, மே ஒயா நேத?” என்றாள். இது நீங்கள்தானே?

இராஜத்துக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. இத்தனை நாள் உள்ளே கிடந்து வெந்ததெல்லாம் அந்த மொழியில் பொலபொலவென்று வந்தது. நான்தான் நோனா. ஆனால் இது பொய். இந்தக் கோழி வெயிலைக் கண்டதில்லை, மண்ணைக் கண்டதில்லை, நாற்பத்து மூன்று நாள் உட்கார்ந்தே கிடந்தது, நடக்கத் தெரியாது, கூவத் தெரியாது. அந்தச் சேவல் வாடகைச் சேவல். அந்தக் கூடை இரவல் கூடை. வாங்காதீர்கள்.

அந்தப் பெண் மரியாதையாகக் கேட்டாள். பிறகு பைக்கற்றைத் திருப்பிக் காட்டி, குழந்தைக்குச் சொல்கிற மாதிரி, “ஆனால் உங்கள் படம் இருக்கிறதே” என்றாள்.

“படம்தான் இருக்கு! நான் சொல்றது பொய்யா?” இராஜத்தின் குரல் ஏறிவிட்டது. சிங்களத்தில் கத்தினாள், தமிழில் கத்தினாள். தள்ளுவண்டிகள் நின்றன. பைக்கற்றில் இருக்கிற பொம்பிளை வந்திருக்கிறாளாம் என்று ஒருவர் சொல்ல, அரிசிப் பக்கம் நின்றவர்களும் வந்தார்கள். பின்னால் நின்றவர்களுக்கு என்ன பேசுகிறாள் என்று கேட்கவில்லை, முகம் தெரிந்தது, போதும். போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். டீச்சர் இரண்டு பைக்கற்றைக் கூடையில் போட்டாள். அதைப் பார்த்து இன்னொருத்தி ஒன்றை எடுத்தாள். ஒரு பெரியவர் மூன்று எடுத்தார். இராஜம் பெட்டியை மறித்து நின்றாள். அவள் தோளுக்கு மேலாலும் இடுப்புக்குப் பக்கத்தாலும் கைகள் போயின, மன்னிக்கணும் அம்மா, மன்னிக்கணும் அம்மா என்று.

கழுத்துப்பட்டி கட்டிய கடை மனேஜர் ஓடிவந்தான். வெளியே தள்ளப் போகிறான் என்று நினைத்து இராஜம் ஐஸ் பெட்டியின் விளிம்பை இறுகப் பிடித்தாள். அவன் வெறுமையான பெட்டிக்குள் எட்டிப் பார்த்தான், பிறகு இரண்டு கையையும் கூப்பினான்.

“கம்பெனியில் இருந்து வருவதாக ஒருவரும் சொல்லவில்லையே மிஸ்” என்றான். “சொல்லியிருந்தால் மேசை போட்டு, மைக்கும் வைத்துக் கொடுத்திருப்போம். அடுத்த சனிக்கிழமையும் வருவீர்களா?”